படுத்திருந்தவளை எழுப்பிய கோப்பு

ஆம்பூர் மகளிர் தினக் கலைக் கண்காட்சியை முன்னிட்டு, பிரிசில்லாவின் படம் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் காசிநாதனின் மேசைக்கு முறைப்படி வந்து சேர்ந்தது. லினோலியம் என்ற தரைவிரிப்புத் தகட்டில் செதுக்கி, மை உருட்டி, தாளில் அழுத்தி எடுத்த அச்சுப் படம். ஒரு பெண் தலையணையில் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தாள். உடம்பில் ஒரு நூல்கூட இல்லை. நுண்கலைக் கல்லூரி முடித்த பிரிசில்லாவின் முதல் படம் சுவர் ஏறுமா என்பது இவர் கையெழுத்தில் இருந்தது.

காசிநாதன் மின்விசிறியைப் பார்த்தபடி பேசினார்.

"ஒரு ஆட்சேபணை இருக்கும்மா."

"என்ன சார்?"

அவர் சொல்ல நினைத்த சொல்லை அந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் கோப்பில் எழுதியதில்லை. முன்மாதிரி இல்லாததை எழுதினால் மேலிடம் விளக்கம் கேட்கும். ஆகவே எழுதத்தக்க குறையை எழுதினார்: 'மேற்படி பெண் படுத்திருக்கிறார்.'

"ஐரோப்பாவுல ஐந்நூறு வருஷமா இப்படி வரையறாங்க சார்."

"ஐந்நூறு வருஷமா ஒரே இடத்துலயா? எங்களுக்கு மூணு வருஷத்துல டிரான்ஸ்ஃபர். கண்காட்சித் தலைப்பு மகளிர் எழுச்சி. இவங்க எழுந்திரிக்கவே இல்லையே."

உதவியாளரை அழைத்து, படத்தின் சட்டத்தை அவள் தலைப்பக்கம் மேலே வரும்படி திருப்பச் சொன்னார். 'மேற்படி பெண் எழுந்துவிட்டதால் ஆட்சேபணை நீங்கியது.' கையெழுத்தும் ஆயிற்று. பிரிசில்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுவரை நினைத்து மூடிக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்கு வந்த ஷூ கம்பெனி முதலாளிக்கு, தலையணை முதுகில் ஏற்றிய மூட்டையாகத் தெரிந்தது. "சுமையோட நிக்கிறா பாருங்க, உழைக்கும் பெண்" என்று தழுதழுத்தார். முதல் பரிசு அதற்கே. எல்லோரும் கைதட்டினார்கள். பிரிசில்லா கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

படத்தைக் கம்பெனியே வாங்கி, பெண் தொழிலாளர் ஓய்வறையில் மாட்டியது. உட்காருபவர்களின் தலை படத்தை மறைக்கிறது என்று, கீழே கிடந்த ஒரே பெஞ்சையும் அப்புறப்படுத்தியது.

அந்தக் கம்பெனியில் நின்றபடி சோல் ஒட்டும் எல்லம்மா, பிரிசில்லாவுக்குப் பக்கத்து வீடு. பெஞ்சு போன அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடி, உம்படத்தால சோறு துன்றப்பவும் நின்னுக்கினு கெடக்கறோம்."

"இப்படி ஆவும்னு தெரியாதுக்கா."

"நான் தலைய சாச்சிப் பாத்தேன். அவ படுத்துக்கினுதான இருக்கா?"

"ஆமாக்கா."

எல்லம்மா தெருவை ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளிய மூச்சு உடாத. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா, அவளுக்கும் அரை நாள் சம்பளம் புடிச்சிடுவான்."