பிப்ரவரி முப்பத்தொன்றாம் தேதி

காலத்தை அளக்கத் தெரிந்தவனுக்கு இந்த உலகத்தில் அளக்க முடியாதது என்று எதுவும் இல்லை. மலையின் உயரம், கடலின் ஆழம், மனிதனின் ஆயுள் எல்லாமே கடைசியில் தேதிக் கணக்குக்குள் அடக்கம். இந்தப் பேருண்மையைத் தனியொரு ஆளாகக் கண்டுபிடித்தவர் அன்று காலை இடுப்பில் துண்டோடு கட்டில்மேல் ஏறி நின்று, சுவர்க் காலண்டரில் பின்னால் மடித்துவிட்ட தாள்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க அங்க?" என்றாள் மனைவி.

"பிப்ரவரி பாக்கறேன்."

"இப்ப ஆகஸ்டு. வர்ற பிப்ரவரின்னா முன்னாடில்ல போகணும்? நீங்க பின்னாடி போய்ட்டிருக்கீங்க."

"பிப்ரவரி எப்பவும் பிப்ரவரிதான். முன்னாடி இருந்தா என்ன, பின்னாடி இருந்தா என்ன? எறங்கறப்போ கையக் குடு."

அலுவலகத்தில் அவருக்குக் காலண்டர் என்று பெயர். மரியாதையில் வைத்த பெயர் என்று நினைத்திருந்தார். யாருடைய தகுதிகாண் காலம் என்றைக்கு முடிகிறது, யார் எந்தத் தேதியில் ஓய்வு பெற வேண்டும் என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் நாளும் மாதமும் மட்டும் எழுதுவார். "அதுக்கு மேல எழுதறவன் வேலை தெரியாதவன்" என்பது அவர் கொள்கை.

அன்றைய சீட்டில் இருந்தது: 28/2. அவருடைய பாஸ்போர்ட் முடியும் தேதி.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குச் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் பிரசவம். ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதிக்கு இருவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. வழியில் எங்கும் நிற்காத விமானம். மனைவியின் பெட்டி ஒரு மாதமாகக் கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முந்தின நாள்தான் யாரோ அவர் காதில் போட்டார்கள்: அந்த நாட்டில் போய் இறங்கும்போது பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். காலண்டருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு டிராவல்ஸ்காரர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஆகஸ்டு முப்பத்தொண்ணோட ஆறு மாசத்தக் கூட்டுங்க."

டிராவல்ஸ்காரர் விரல்விட்டு எண்ணினார். "பிப்ரவரி முப்பத்தொண்ணு."

"அப்படி ஒரு தேதி இருக்கா?"

"இல்ல சார். இல்லாட்டி மாசக் கடைசிய எடுத்துக்கலாம். இருபத்தெட்டு. உங்க பாஸ்போர்ட்டும் இருபத்தெட்டு வரைக்கும்னு சொல்றீங்க. கச்சிதமா இருக்கு."

"போறப்போ கச்சிதமா இருக்கு. இப்ப அதே வழியில திரும்பி வாங்க. பிப்ரவரி இருபத்தெட்டுல ஆறு மாசத்தக் கழிங்க."

"ஆகஸ்டு... இருபத்தெட்டு."

"மூணு நாள் எங்க போச்சு?"

டிராவல்ஸ்காரர் தன்னையறியாமல் மேசைக்கு அடியில் பார்த்தார்.

"அந்த மூணு நாள்லதான் என்னைப் பிடிச்சு நிறுத்துவான்" என்றார் காலண்டர். "இருபத்தெட்டுக்கு மாத்துங்க."

"பாஸ்போர்ட் காப்பி ஒண்ணு குடுத்தீங்கன்னா நானே பாத்து..."

"அது என் பீரோவ விட்டு வெளிய வராது. நம்பர் நான் சொல்றேன், தேதி நான் சொல்றேன். முப்பது வருஷமா நான் சொல்ற தேதியிலதான் ஆளுங்க ரிட்டயர் ஆகறாங்க. ஒருத்தராவது திரும்பி வந்திருக்காங்களா?"

இருபத்தெட்டாம் தேதி விமானம் நேராகப் போகாது. நடுவில் ஓர் இடத்தில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். மனைவி பெட்டியிலிருந்து கனமான சாமான் இரண்டை எடுத்து வெளியே வைத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். இருபத்தெட்டாம் தேதி கிளம்பினால் போய் இறங்குவது இருபத்தொன்பதாம் தேதி. டிக்கெட் இருபத்தேழுக்கு மாறியது. அதில் இரண்டு இடத்தில் இறங்க வேண்டும். ஓரிடத்தில் பதினோரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, இறங்குகிற நாளைக் கணக்கில் சேர்ப்பார்களா மாட்டார்களா என்ற ஐயம் வந்தது. டிக்கெட் இருபத்தாறுக்கு மாறியது. அதில் அவருக்கு ஏழாம் வரிசையில் இடம் கிடைத்தது. மனைவிக்கு முப்பத்தொன்பதாம் வரிசையில், கழிப்பறைக் கதவை ஒட்டி.

"ரெண்டு பேரும் வேற வேற ஊருக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

அப்போதுதான் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மாமா, நான் முப்பத்தொண்ணுக்கும் ஒண்ணாந்தேதிக்கும் லீவு சொல்லி வச்சிருந்தேன். நீங்க வந்து எறங்கற இருபத்தேழாந்தேதி நான் ஊர்லயே இல்ல. ஏர்போர்ட்டுக்கு அவதான் வண்டிய ஓட்டிட்டு வரணும்."

"வரட்டுமே. நல்லா ஓட்டுவாளே."

"வயிறு ஸ்டீயரிங்ல இடிக்குது மாமா."

காலண்டர் இதற்குப் பதில் யோசிப்பதற்குள் மாப்பிள்ளையே தொடர்ந்தார். "இன்னொண்ணு. இங்க ஆறு மாசம்னா நூத்தெண்பது நாள்னுதான் பாக்கறாங்களாம். முப்பத்தொண்ணுலேர்ந்து எண்ணிப் பாத்தேன். பிப்ரவரி இருபத்தெட்டுக்கு நூத்தெண்பத்தொரு நாள் வருது. நீங்க எதையுமே மாத்தியிருக்க வேண்டாம்."

"மாப்ள," என்றார் காலண்டர் மிகுந்த பொறுமையோடு, "மாசம் வேற, நாள் வேற. அதெல்லாம் இந்தத் துறையில ஊறினாத்தான் புரியும்."

மனைவி போனை வாங்கி வைத்தாள். "நான் ஒண்ணு சொல்றேன். என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. நான் மட்டும் முப்பத்தொண்ணாந்தேதி நேரா போயிடறேன். நீங்க உங்க கணக்க முடிச்சுட்டு மெதுவா வாங்க."

"நீ தனியாவா? ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியுமா உனக்கு? ஆபீசர் ஏதாவது கேட்டா என்ன சொல்லுவ?"

"பொண்ணுக்குப் பிரசவம்னு சொல்லுவேன்."

"அதெல்லாம் பதிலே இல்ல."

"எனக்கு வேண்டியது ஒண்ணுதான். குழந்தை பொறக்கறப்போ நான் அவ பக்கத்துல நிக்கணும். அது மட்டும் தவறிப்போச்சு, அப்புறம் இந்த வீட்டுல காலண்டரே இருக்காது."

எந்தக் காலண்டர் என்று அவர் கேட்கவில்லை.

இருபத்தாறாம் தேதி விமான நிலையத்தில் நீளமான வரிசை. பீரோவிலிருந்து வெளியே வந்த பாஸ்போர்ட் அவருடைய உள்பனியனுக்குள் தைத்த பையில் பத்திரமாக இருந்தது. பின்னால் நின்ற பயணியிடம், பத்து நிமிடமாக, ஆறு மாதத்தை முன்னால் போய் எண்ணுவதற்கும் பின்னால் வந்து எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பயணி பக்கத்து வரிசைக்குப் போய்விட்டார். அது இதைவிட நீளம்.

கவுன்டரில் இருந்த பெண் முதலில் மனைவியின் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். பெட்டியை எடை போட்டாள். முப்பத்தொன்பதாம் வரிசைக்கான சீட்டைக் கொடுத்தாள். அடுத்து காலண்டர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, வெதுவெதுப்பாக இருந்த தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

அந்தப் பெண் அதைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். மறுபடியும் அதைப் பார்த்தாள்.

"தேதி பாக்கறியாம்மா? தாராளமா பாரு. ஆறு மாசக் கணக்குத்தானே?" என்றார் காலண்டர். இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று வாரமாகக் காத்திருந்தார்.

"ஆமா சார். ஆறு மாசத்துக்கு ரெண்டு நாள்..."

"ரெண்டு நாள். கரெக்ட்." மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? ரெண்டு நாள் கூடுதலா வச்சிருக்கேன்."

"குறையுது சார்."

"கூடுது."

"குறையுது சார்."

காலண்டர் சிரித்தார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. "புதுசா வேலைக்கு வந்திருக்க போல. இன்னிக்கு இருபத்தாறு. பாஸ்போர்ட் முடியறது பிப்ரவரி இருபத்தெட்டு. விரல் விட்டு எண்ணு. நான் இருக்கேன், பயப்படாத."

அந்தப் பெண் பயப்படவில்லை. மனைவியின் பெட்டி நகரும் பட்டையில் ஏறி, கறுப்புத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மறைந்தது. கவுன்டர் பெண் காலண்டரின் பாஸ்போர்ட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, தேதியின் கடைசி நான்கு எண்களுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"முடிஞ்சுபோயி ஆறு மாசம் ஆக இன்னும் ரெண்டு நாள் இருக்கு சார். இது இந்த வருஷ பிப்ரவரி."