வீட்டுப் பாத்தி, சந்தைப் பாத்தி

மனிதர்களில் சோதித்துத் தின்போர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மளிகைக் கடையில் மற்றவர்கள் சாமான் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகும் ஒருவர் மட்டும் மிளகை உள்ளங்கையில் பரப்பிப் பப்பாளி விதை தேடிக்கொண்டு நிற்பார், மிளகாய்த்தூளை ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டு, செங்கல் தூள் அடியில் இறங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பார், கடுகைக் கசக்குவார், பெருங்காயத்தைக் கொளுத்துவார், பால்காரி ஊற்றிய பாலில் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டுச் சாய்த்து, அது ஓடுகிற வேகத்தை வைத்தே எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். கடைக்காரர் பெருமூச்சு விடுவார். இவர் விடமாட்டார்.

பெருநகர் என்கிற கிராமத்து வேதகிரி இந்த இனத்தில் தலைசிறந்தவர். கழனியில் நெல்லும் கிணற்றடியில் காய்கறியும் போடுகிறவர், கையில் நாலு காசு புழங்குகிறவர், உத்திரமேரூருக்கு பஸ்ஸில் வந்து இறங்கினால் டீக்கடைக்காரர் அவசரமாகப் பெஞ்சைத் துடைப்பார். பழைய தூளைக் கொட்டச் சொல்வார், வடிகட்டியை அலசச் சொல்வார், கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கடைசியில் பாதி குடித்துவிட்டு வைப்பார்.

"நம்பி ஒரு வாய் வெக்க முடியலப்பா. எத எட்தாலும் கலப்படம். ஜனங்கள கொல்றானுங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கொல்லப்படுகிற ஜனங்கள் தாங்கள்தான் என்பதில் அவர்களுக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

இப்படிப்பட்டவருடைய தோட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? வாருங்கள். கிணற்றை ஒட்டி, வேலியோரமாக ஒரு சின்னப் பாத்தி. அதில் கத்தரிச் செடிகள் ஏனோதானோ என்று நிற்கும். இலையெல்லாம் ஓட்டை, காயெல்லாம் சொத்தை. அதைத் தாண்டினால் ஒரே வரிசையாக, ஒரே உயரமாக, பெரிய கத்தரித் தோட்டம். அதில் ஒரு காயிலும் ஓட்டை கிடையாது. முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. அது உத்திரமேரூருக்குப் போகிற காய்.

பூச்சிமருந்து மெஷினை முதுகில் மாட்டி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறவன் முனியன். வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் வேலியோரப் பாத்திப் பக்கம் திரும்பினான்.

"இதுக்கு அடிக்க வேணாங்களா?"

"அது வூட்டுக்குடா."

முனியன் மெஷினைப் பெரிய தோட்டத்துப் பக்கம் திருப்பினான். மருந்தடித்தால் பத்து நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது என்று விவசாய ஆபீஸிலிருந்து வந்த கிராம சேவக் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்து நாளில் காய் முற்றி மஞ்சளாகிப் போகுமே, அதற்கு அவரா பதில் சொல்வார்? ஆகவே இன்றைக்கு மருந்து, நாளைக்கு விடிந்ததும் பறிப்பு. வேதகிரி வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் ஒரு விதி: புழு தின்ற காயைத்தான் மனுஷன் தின்னலாம். புழுதான் அவர் வீட்டு இன்ஸ்பெக்டர்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. உத்திரமேரூரில் அந்தக் காயை வாங்கித் தின்கிறவர்கள் யார்? ஜனங்கள். ஜனங்களுக்கு முகம் கிடையாது, வயிறு கிடையாது, அவர்களுக்கு வலிக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஆனால் உத்திரமேரூரில் ஞானசுந்தரி இருந்தாள். வேதகிரியின் ஒரே மகள். யூனியன் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ராஜாராமுக்குக் கட்டிக்கொடுத்து, கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, போகாத கோயிலெல்லாம் போய், இப்போதுதான் ஐந்து மாதம். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வேதகிரி நெய், முருங்கைக்கீரை, முட்டை எல்லாம் கொண்டுபோவார். கத்தரிக்காய் மட்டும் கொண்டுபோக மாட்டார். சந்தைக் காயை மகளுக்குக் கொடுக்க மனசு வராது. புழுக் காயைச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக மானம் இடம் கொடுக்காது.

இந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் மகள் வீட்டில் இலை போட்டார்கள். எண்ணெய்க் கத்தரிக்காய். நாக்கில் வைத்ததும் கரைந்தது. வேதகிரி இரண்டு காய் தின்று முடித்து, வழக்கப்படி விசாரணையைத் தொடங்கினார்.

"எண்ண எந்தச் செக்கு?"

"நீ குடுத்தனுப்பிச்ச எண்ணதான், நைனா."

"காயி?"

பக்கத்து இலையிலிருந்து ராஜாராம் பெருமையோடு சொன்னார். "கடைத்தெருல சேட்டு காய்கறிக் கடையில நானே பொறுக்கி எடுத்தேன் மாமா. ஒரு சொத்தை இல்ல. நேத்து காலைலதான் பெருநகர்லேர்ந்து வந்துச்சாம்."

வேதகிரியின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. பெருநகரிலிருந்து சேட்டு கடைக்குக் காய் போடுகிறவர் ஒரே ஒருவர். முந்தாநாள் முனியனை நிற்கவைத்து, "அடிச் செடில நல்லா வுடு" என்று சொன்னவரும் அவரே.

"நீ துன்னியா?" என்றார் மகளிடம்.

"நேத்து ராத்திரிகூட துன்னேன். வாய்க்கு அது ஒண்ணுதான் புடிக்குது."

"வாந்தி கீந்தி எடுத்தியா?"

"மாசமா கீறவ எடுக்காம இன்னா பண்ணுவா?"

வேதகிரிக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பிள்ளைக்காக ஆறு வருஷம் காத்திருந்தவர் அவர். உள்ளதைச் சொல்லிவிட ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். வாக்கியம் திரும்பிப் போய்விட்டது.

"கத்திரிக்கா கரப்பான், ஒடம்பெல்லாம் சொறி கெளப்பும்," என்றார். "மாசமா கீறவ தொடவே கூடாது."

"டாக்டரம்மா காய்கறிதான் நெறைய சாப்பிடச் சொன்னாங்க, மாமா."

"அவங்களுக்கு இன்னா தெரியும்?"

எழுந்து, எச்சில் கையோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கழுநீர்த் தொட்டியில் கொட்டக் குனிந்தவருக்கு, அதைக் குடிக்கப்போவது தாம் சீர் கொடுத்த பசு என்று ஞாபகம் வந்தது. குப்பைமேட்டில் கொட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேரே கடைத்தெருவுக்கு நடந்தார். சோதித்துத் தின்போர் இனத்துக்கு ஒரு கஷ்டம் வந்தால் அது உடனே தேடுவது குற்றவாளியை.

"இன்னா காய் விக்கிற சேட்டு? மருந்து நாத்தம் கொடலப் புடுங்குது. மாசமா கீற பொண்ணு துன்ற காயி."

சேட்டு தராசைக் கீழே வைத்தான். கடையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ போட்ட காய்தான், அண்ணா."

"நான் போட்டா? நீ பாத்து வாங்க வேணாமா?"

"பாத்துத்தான் வாங்கறேன். ஓட்ட கீற காய ஒரு தபா எட்தாந்தியே, ஒருத்தி தொடல. ஒன் மருமவனே பொறட்டிப் பாத்துட்டு வெச்சிட்டுப் போனாரு. பளபளன்னு கேக்கறாங்க, நீயும் பளபளன்னு போடற. நடுவுல நான் இன்னா பண்ணுவேன்?"

வேதகிரி கடையில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். காலம் கெட்டுப்போச்சு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். அன்று ஊர் திரும்பவில்லை. மகள் ஒவ்வொரு முறை இருமும்போதும் எழுந்து உட்கார்ந்தார். ஞானசுந்தரிக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவன் கோயிலுக்கு நெய்விளக்கு வேண்டிக்கொண்டார், வாங்கிய நெய்யை முகர்ந்து பார்த்துவிட்டு ஏற்றினார்.

மனிதர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருந்தினார். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக முனியனைக் கூப்பிட்டு, வீட்டுப் பாத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்தி பிடிக்கச் சொன்னார். அது மகள் வீட்டுக்கு. அதற்கு ஒரு சொட்டு மருந்து காட்டக் கூடாது. சம்பந்தி என்ன நினைத்தாலும் சரி, புழுவோடு போகட்டும். மானத்தையே விட்டுக்கொடுத்துவிட்டார், அதற்குமேல் ஒரு தகப்பன் என்ன செய்வான்?

முனியன் மண்ணை அணைத்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எம் மவளும் மாசமாதான் கீதுங்க. காய் வுட்டா இதுல ரெண்டு பறிச்சிக்கினு போவட்டுங்களா?"

வேதகிரிக்கு நல்ல மனசு. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"இதுல ஓட்டக் காயா கீதேடா. அந்தாண்ட போயி பெரிய தோட்டத்துல பறிச்சிக்கோ. மடி நெறைய எட்துக்கினு போ."

முனியன் அங்கேயே நின்றான். வேதகிரி அவன் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

வாசகரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தோட்டமும் இல்லை, மருந்து மெஷினும் இல்லை. ஹோட்டல்காரர் தம் பிள்ளைக்கு மட்டும் வீட்டிலிருந்து கேரியர் வரவழைப்பதையும், எடை ஏற நெல்லை நனைத்து மூட்டை பிடிக்கிறவர் தமக்கு மட்டும் பழைய நெல்லைக் குதிரில் போட்டுவைப்பதையும் எத்தனையோ தடவை பார்த்துக் கோபப்பட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். இருந்தாலும் நீங்களும் ஏதோ ஒன்றைச் செய்து, ஏதோ ஒரு சந்தைக்கு அனுப்பித்தானே பிழைக்கிறீர்கள்? கட்டிக்கொடுத்த பெண் இருந்தால், அவள் வீட்டில் இன்று என்ன சமையல் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.