புல்லில் முளைத்த பாதம்

கம்பம் ஊரில் அம்மன் பாதம் முளைத்துவிட்டது! கோயிலிலா? இல்லை. ஏலக்காய் வியாபாரி சுயம்புலிங்கம் வீட்டு வாசல் புல்தரையில்.

வடுகபட்டியிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். பழனிசெட்டிபட்டியிலிருந்து மோட்டார் பஸ்ஸில் வந்தார்கள். மஞ்சளித்த புல்லின் நடுவே கரும்பச்சையாய்ப் பாதங்கள், விரல்களோடு. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்ட வேகத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. எல்லாமே இடது கால். அம்மன் நொண்டியடித்துக்கொண்டு வந்தாள் போலும்!

கவனித்தவள் அந்த வீட்டுப் புது மருமகள் பவுனு. கவனித்துத்தான் ஆகவேண்டும். அமாவாசை வந்தால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

மலைமேல் துரை பங்களாவில் புல்தரையைப் பார்த்து ஆசைப்பட்ட மாமனார், ஆற்றங்கரைப் புல்லை மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டிவந்து வாசலில் பதித்தார். "வேர் பிடிக்கிற வரைக்கும் ஈரம் காயப்படாது, கால் படப்படாது" என்று பங்களாத் தோட்டக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். அந்த வாரமே மகன் கல்யாணம். மேளக்காரர், சம்பந்திக் கூட்டம், பந்திக்கு வந்தவர் எல்லாரும் அதன்மேல்தான் நடந்தார்கள். தண்ணீர் ஊற்ற ஒருவருக்கும் நேரமில்லை. புல் மஞ்சளித்தது.

மேளக்காரர் காலை யாரும் குறை சொல்லவில்லை. குறி சொல்லும் கோடாங்கி குருசாமி உடுக்கை அடித்துச் சொன்னான்: "வந்தவ காலு சரியில்ல. கோமியம் தெளிச்சு அம்மன இங்கன எறக்குறேன். பூசை பண்ணையில ஒருத்தரும் எட்டிப் பாக்கப்படாது."

ஒரு வாரத்தில் அம்மன் இறங்கினாள். கூட்டம் வந்து மிச்சப் புல்லையும் மிதித்தது. அதுவும் மஞ்சளித்தது. அதற்கும் பழி பவுனு கால்மேல்தான்!

"சாமி, அம்மனுக்கு வலது காலு இல்லையா?" என்று கேட்டாள் பவுனு.

"தெய்வத்த கேள்வி கேக்குற வாயி வெளங்காது ஆத்தா!"

மாமியார் சங்கிலியம்மாள் அவளை உள்ளே இழுத்துப் போனாள். "ஒனக்கு வாயி வேறயா?"

பவுனு பிறந்த வீட்டில் மாடுகள் உண்டு. மாட்டுக் கொட்டத்தைக் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் புல் எப்படிக் கரும்பச்சையாய்க் கறுக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீடே அசந்து தூங்கிய ஒரு மத்தியானம், கோமியத்தில் தண்ணீர் கலந்தாள். வாசல் புல்லில் தன் வலது காலை ஊன்றி, அதைச் சுற்றிக் குச்சியால் கோடு கிழித்தாள். கோட்டுக்குள் சிரட்டையால் ஊற்றினாள். பிறகு வைக்கோல் படப்புக்குப் பின்னால் போனாள். வாசலில் பதித்து மிஞ்சிய புல் பத்தைகள் அங்கே கிடந்தன.

அமாவாசைக்கு முதல் நாள் வலது கால் பச்சையாய் எழுந்தது. குருசாமி திடுக்கிட்டான். ஆனால் தொழில்காரன்! நொடியில் உடுக்கையை எடுத்துவிட்டான். "வலது காலையும் வச்சுட்டா! இது மகாலட்சுமி காலு! விழுந்து கும்பிடுங்க!"

சங்கிலியம்மாள் தேங்காய் உடைத்து, நெற்றி மண்ணில் பட விழுந்தாள். அவள் எழுந்ததும் பவுனு வந்து அந்தப் பாதத்தில் தன் காலை வைத்தாள். நீண்ட இரண்டாம் விரல்கூட அச்சாகப் பொருந்தியது.

"அடி பாவி, சாமி காலுல நிக்கிறியே!"

"ஏங் காலுலதான் நிக்கிறேன் அத்த. நீங்க அனுப்பப் பாத்த அதே காலு. கோமியமும் தண்ணியும் ஊத்துனது நான்தேன்."

"பொய்யி! அம்மன எறக்குனது நானு!" என்று கத்தினான் குருசாமி.

"அப்ப படப்புக்குப் பின்னால எறங்கியிருக்கிறது யாரு சாமி?"

கூட்டம் ஓடியது. அங்கே புல்லில் கரும்பச்சையாக, காம்போடு ஓர் அகப்பை வடிவம்!

"இது எந்த அம்மனோட காலு?" என்று கேட்டாள் பவுனு.

குருசாமி மூட்டையோடு நழுவப் பார்த்தான். நெற்றி மண்ணைக்கூடத் துடைக்காமல் சங்கிலியம்மாள் அதைப் பிடித்து உதறினாள். மரத்தில் செதுக்கிய இடது பாதம் ஒன்று விழுந்தது. கோமிய வாடை அடித்தது.

"ஏலே, வலது காலு வாங்கக் காசு பத்தலையா?" என்று யாரோ கேட்டார்கள். குருசாமி எடுத்தான் ஓட்டம். அவனுக்கு இரண்டு காலும் நன்றாக ஓடின.

சங்கிலியம்மாள் மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயில்ல நிக்காம உள்ள போயி ஒலய வையி" என்றாள். அமாவாசைப் பயணம் அதோடு போயிற்று.

மாமனார் வாசலில் முள் வேலி கட்டிக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். புல் வேர் பிடித்தது. அப்போதும் படப்புக்குப் பின்னால் யாரோ சூடம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள், அகப்பைக்கு! புல்லுக்குத் தண்ணீர் போதும். நம் தலைக்குள் யோசனை வேர் பிடிக்க எதைத்தான் ஊற்றுவது?