பட்டாசு சாரின் ஒரே ஜன்னல்

திருவள்ளூர் மாவட்டத்தில் பட்டாசு சாரிடம் திட்டு வாங்காமல் மாத்திரை வாங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர் அவர். பக்கத்து ஜன்னலில் ஓ.பி. சீட்டு எழுதிய நான் பாதி நேரம் காதைப் பொத்திக்கொண்டுதான் எழுதினேன்.

இருமல் மருந்துக்கு ஒருவர் காலி பிராந்தி பாட்டிலை நீட்டினார். "இத்த மோந்து பாத்தாலே இருமல் ஓடிப்பூடும், நட" என்றார் சார். தலைவலி மாத்திரைக்கு வந்த பெரிய டாக்டரையே வரிசையில் நிற்கச் சொன்ன மனிதர்.

எச்.ஐ.வி. மாத்திரை இலவசமாக வர ஆரம்பித்த புதிது. அதற்கென்று பெரிய டாக்டர் பின்பக்கம், பிணவறைக்குப் போகும் வழியில், தனி ஜன்னல் வைத்தார். அங்கேயும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் சார்தான். மேலே நோயின் பெயரைச் சிவப்பில் எழுதிய தகரப் பலகை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மருந்து கொடுக்கிற இடமா அது? படித்தவர்கள் செய்கிற வேலையா?

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளி ஏழுமலை மாதாமாதம் அங்கே மாத்திரை வாங்குவார். ஆனாலும் ஆள் இளைத்துக்கொண்டே போனார். சாயங்கால மாத்திரையைச் சரியாகப் போடுகிறாயா என்று சார் ஒருநாள் மடக்கினார்.

"காலீல நான் போட்டுக்கறேன் சார். சாயங்காலத்து மாத்திர எங்க ஊட்டுக்காரிக்கு. அதுக்கும் இந்த நோவு கீதுன்னு சொல்லிட்டாங்க. போர்டப் பாத்துட்டு இங்க வரமாட்டேங்குது."

சார் வெடித்தார். அரை மருந்தில் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் முழு மருந்தும் கேட்காது, இரண்டு பேரும் போய்ச் சேருவீர்கள் என்று கத்தினார். பாதியில் நிறுத்திவிட்டு, தான் உட்காரும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பலகையைப் பிடுங்கி, மடித்து, அந்த ஸ்டூலின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

யாரைக் கேட்டுக் கழற்றினாய் என்று பெரிய டாக்டர் குதித்தார்.

"யாரக் கேட்டு சார் மாட்டுனீங்க? இனிமே எல்லாத்துக்கும் என் ஜன்னல்தான். மூட்டு வலியும் இதே லைன்ல நிக்கட்டும்."

மெமோ வந்தது. அதுவும் ஸ்டூல் காலுக்கு அடியில் போனது.

அடுத்த வாரம் ஏழுமலையின் மனைவி வந்தார். ஜுரத்துக்கும் மூட்டு வலிக்கும் நடுவில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். சீட்டைப் பார்த்த சார் ஆரம்பித்துவிட்டார்.

"இம்மாம் நாளா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த? ரெண்டு வேளையும் உம் மாத்திரய நீ போடணும். மறந்துட்டேன்னு வந்து நில்லு, அப்பால கீது உனக்கு."

அந்தம்மா முந்தானையை விலக்கிச் சிரித்தார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் திட்டுவதற்குக்கூட அவர் பக்கத்தில் வரவில்லையாம்.

"என்னியும் எல்லார் மாதிரிதான்யா திட்டறாரு" என்று வாசலில் நின்ற ஏழுமலையிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு சார் கத்தும்போது நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.