ராஜினாமா அண்ணையும் அரசாங்கப் பெனிபிட்டும்

“உங்கட குடும்பத்தில ஒருத்தரும் பள்ளிக்கூட வாசல் மிதிக்கேல்லை. நீரோ பிள்ளை எனக்காக வெள்ளைக்காரரோட கதைக்கப் போறீர்?”

இப்படிக் கேட்டவர், யாழ்ப்பாணத்துக்காரரான ராஜினாமா அண்ணை. அவர் சொன்னது உண்மைதான். மன்னாரில் என் அம்மா இன்றைக்கும் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவள் நான், லண்டனில் பட்டம் வாங்கியவளும் நான். அதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அண்ணையிடமும் அடக்கமாகச் சொல்லவில்லை.

உலகத்தில் யாராலும் வேலையை விட்டு நிறுத்தப்படாத ஒரே மனிதர் அவர். பார்க்கிங் என்ற லண்டன் புறநகரில் எங்கள் தெரு முழுக்க அதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறது. அவர் வேலைசெய்த பெற்றோல் ஷெட்டை முதலாளி விற்றபோது, “அந்த ஆள் சரிவரேல்லை, நானே விட்டிட்டன்” என்றார். அடுத்து வேலைக்கு நின்ற கடை இழுத்து மூடப்பட்டு, கதவில் பலகை அடித்தார்கள். “நான் விட்டன். பிறகு அவங்களுக்கு நடத்த ஏலாமப் போச்சு” என்றார். ஒருநாள் பஸ் பாதி வழியில் நின்று, எல்லோரையும் இறங்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அண்ணை எழுந்து, சாரதியைப் பார்த்து, “நானே இறங்கிறன்” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கினார்.

கடைசியாக அவர் இரவு வேலை செய்த வெயார்ஹவுஸில் அந்த ஷிப்ட்டையே எடுத்துவிட்டார்கள். அண்ணை தனியாக உட்கார்ந்து கைப்பேசியில் பெனிபிட் என்ற அரசாங்க உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தார். வேலை ஏன் முடிந்தது என்ற கேள்விக்கும் பழக்கதோஷத்தில், தானே விட்டதாகப் பதில் போட்டுவிட்டார்.

தெருவில் ஒருவரும் நம்பாத கதையை அரசாங்கம் அப்படியே நம்பியது. தக்க காரணம் இல்லாமல் வேலையை விட்டவர் என்று பணத்தில் பெரும்பகுதியை வெட்டினார்கள்.

அண்ணை இதையும் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் அன்னதானத்தில் அவரைப் பார்த்தேன். மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை, வீட்டில சமைக்கேல்லையோ?”

“இல்லைப் பிள்ளை. வீட்டில சோறு நானே விட்டிட்டன்.”

“டொக்டர் சொன்னவரோ?”

“டொக்டர் என்ன சொல்லுறது? நானே விட்டிட்டன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையோடு அவரைத் தேநீர் மேசைக்கு இழுத்துப்போய் உட்காரவைத்து, கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பெனிபிட்டை வெட்டிய அறிவிப்பு அதில் கிடந்தது. மறுபரிசீலனை கேட்க இன்னும் காலம் இருந்தது. “நான் கதைக்கிறன்” என்றேன். அதற்குத்தான் பள்ளிக்கூட வாசலை இழுத்தார்.

“சரி, நான் கதைக்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ, வேலையால நிப்பாட்டினவை எண்டு.”

“என்ர வாயாலயோ?”

“உங்கட வாயால தான்.”

“நீர் சொல்லும்.”

“எனக்கு வேலை போகேல்லையே அண்ணை.”

அவர் என்னை முறைத்தார். ஆனாலும் அன்றே அவருக்குப் பக்கத்தில் இருந்து மறுபரிசீலனைக் கோரிக்கையை எழுதி அனுப்பினேன். பிறகு ஒருநாள் அவர் வீட்டில் நான் இருந்தபோது பெனிபிட் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணை ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பிறகு கதவை. பிறகு என்னையும் வெளியே போகச் சொல்ல வாய் திறந்தார். நான் அசையவில்லை.

வேலையை நீங்களாக விட்டீர்களா என்று மறுமுனையில் ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணை கைப்பேசியைக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு தன் ஆங்கிலத்திலேயே, மெதுவாக, இரவு வேலையை நிறுத்திவிட்டார்கள், நாளைக்கு வரவேண்டாம் என்றார்கள், கூட்டித் துடைக்கவாவது நிற்கட்டுமா என்று கேட்டேன், அதற்கும் ஆள் தேவையில்லை என்றார்கள் என்று சொன்னார்.

நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார் அந்தப் பெண்மணி. இந்த விசயம் வெளியில் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார் அண்ணை. போகாது என்று அவரும் உறுதி சொன்னார். யாழ்ப்பாணத்து மானத்தைக் காக்கும் பொறுப்பை பிரித்தானிய அரசாங்கம் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவர்கள் வெயார்ஹவுஸில் விசாரித்து முடிவை மாற்றினார்கள். வெட்டிய காசு திரும்பி வந்தது. “அந்த வெட்டை நான்தான் எடுக்கச் சொன்னன்” என்று தெருவில் அறிவித்தார் அண்ணை.

ஆனால் போன கிழமை ஒரு இளைஞனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். “இவனும் என்னைப் போலத்தான். தானே விட்டதாய் எழுதிப்போட்டான். வெட்கப்படுறான், நீர் பாரும்” என்றார். ‘என்னைப் போல’ என்று அவர் பிறர் கேட்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “பேரைப் போடாமல் எழுதும். வாசிக்கிறவையாவது விண்ணப்பத்தை ஒழுங்காய் நிரப்பட்டும்.”

சனிக்கிழமைகளில் இப்படிப்பட்டவர்களோடு இருந்து பேச, எங்கள் நூலகத்தில் ஒரு மேசை கேட்டேன். எத்தனை கதிரை வேண்டும் என்றார்கள். வருபவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அண்ணைக்குக் கைபிடி வைத்தது ஒன்று என்று எழுதி அனுப்பிவிட்டேன்.