ஏமாறாதவனின் கண் பரிசோதனை

தன்னை யாராலும் ஏமாற்ற முடியாது என்று நினைக்கிறவனை ஏமாற்ற வெளியாள் தேவையில்லை. அவனே போதும்.

வலங்கைமான் பக்கம் பழைய டிராக்டர் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். புதுப் பெயிண்டுக்குக் கீழே இருக்கும் துருவையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஊரில் பேச்சு. (பரப்பியது நான்தான்.) அந்தத் தலைக்கனத்தோடுதான் சில வருடங்களுக்கு முன் மன்னார்குடியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். என் அப்பாவுக்கு க்ளாக்கோமாவில் பார்வை போயிருந்தது. பிள்ளைகளுக்கும் வரலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவி சுமதி என்னை விடவில்லை.

அங்கே இருந்த டெக்னீஷியன் பெண் ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொல்லி, கையில் பட்டனைக் கொடுத்தார்.

"நடுப்புள்ளியையே பாருங்க சார். சுத்தி அங்கங்க கோடு கோடா மினுக்கும். தெரிஞ்சா அமுக்குங்க."

"எத்தனை கோடு?"

"எண்ண வேணாம் சார். வேகமா மினுக்குறதால, இருக்கறதைவிட ரெட்டிப்பா தெரியும். கண்கட்டு வித்தை மாதிரிதான்."

கண்கட்டு வித்தையா? என்னிடமா? அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். கோடுகள் மினுக்கின, நெருக்கி நட்ட நாற்று மாதிரி. எல்லாம் டூப்பு, அமுக்கினால் மாட்டிக்கொள்வோம் என்று கட்டைவிரலை அடக்கிக்கொண்டேன். கடைசிவரை ஒரு தடவைகூட அமுக்காமல் கம்பீரமாக எழுந்தேன்.

முடிவைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. தாள் முழுக்கக் கறுப்பு.

"இங்க எப்படி வந்தீங்க?"

"பைக்ல."

"யார் ஓட்டினா?"

"நான்தான்."

சுமதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ! வலங்கைமான்லேர்ந்து இவர் பின்னாடியா உக்காந்து வந்தேன்!"

வண்டிச் சாவி அவள் கைப்பைக்குள் போய்விட்டது. துபாயில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு அழுதாள். அவன் அங்கிருந்து அழுதான். அதற்கு மேல் தாங்காமல் நடந்ததைச் சொன்னேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்ல கண்ணு இதுல ஏமாறணும் சார். எந்த இடம் ஏமாறலையோ, அங்கதான் எங்களுக்குச் சந்தேகம்."

மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை மனதார ஏமாந்தேன். ஆனால் இடது கண்ணில் ஒரு மூலை மட்டும் எவ்வளவு முயன்றும் ஏமாறவில்லை. வேறு பரிசோதனைகளும் செய்துவிட்டு, க்ளாக்கோமாவின் ஆரம்பம் என்றார் டாக்டரம்மா. அப்பா சுவரைத் தடவிக்கொண்டு நடந்தது நினைவுக்கு வந்தது.

"நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. போனது திரும்பாது. சொட்டு மருந்தை விடாம போட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்றார். பஸ்ஸில்தான் வீடு திரும்பினோம். (சாவி வரவில்லை.)

இன்றும் சொட்டு மருந்து தவறுவதில்லை. டிராக்டர் பார்க்கவும் கூப்பிடுகிறார்கள், ஒரு நமுட்டுச் சிரிப்போடு. ஒவ்வொரு பரிசோதனை முடிந்து வரும்போதும், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சுமதி கேட்பாள்:

"நல்லா ஏமாந்தீங்களா?"

"போன தடவை மாதிரியே ஏமாந்தேன்" என்பேன். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வரும். எனக்குக் காபி வரும்.