குல்ஷன் வஜு செய்த படலம்

பொம்மிடி ரயிலடித் தெருவின் புழுதி முழுதும் அறிந்த பொற்பாதத்தாள், முன்பற்கள் இரண்டையும் கொய்யாக்காயோடு நிகழ்த்திய போரில் இழந்த வீரத்திருமகள், தையற்காரர் ஹயாத் பாஷாவின் ஒரே புதல்வி, எட்டு வயதுக் குல்ஷன் வாழ்க! நாவே, தடுமாறாதே, அறுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில், கிணறுகளெல்லாம் அடிமண்ணைக் காட்டிக் கிடந்த ஒரு பிற்பகலில், அவள் கண்ட களத்தைப் பாடு.

பரிசு சிறிதன்று. அரபு அரிச்சுவடியை முடித்த குல்ஷன் அன்றுதான் முதன்முதலாகக் குர்ஆனைத் தன் கையால் தொட்டு ஓத வேண்டும். வஜு என்னும் தூய்மையின்றி அதைத் தொடலாகாது. கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்னும் ஏழு அரண்களையும் வரிசை பிறழாமல் நீரால் வெல்ல வேண்டும்; வென்றபின் காற்றுப் பிரிந்தாலோ ஏழும் ஒருசேர வீழும். பிள்ளைகள் ஆபா என்றழைக்கும் ஆசிரியை ஜான் பீ இச்சட்டத்தை முழங்கி, குடிப்பதற்குப் போக எஞ்சிய இரண்டே சொம்பு நீரைத் தன் வீட்டு முற்றத்தில் வைத்தாள். அந்தோ! நண்பகலில் குல்ஷன் உண்டிருந்தது அவித்த மொச்சை.

ஒகேனக்கல் பாறையில் மோதும் காவிரியென வாய் கொப்பளித்து, முகத்தை மும்முறை முற்றுகையிட்டு, முழங்கைகளை அடக்கி, கணுக்கால் வரை வாகை சூடி எழுந்தாள். எழுந்த அக்கணமே சித்தேரி மலையில் பாறை உருண்டாற்போல் ஓர் ஓசை பிறந்தது. வகுப்பு முழுதும் உருண்டு சிரித்தது.

"போச்சா?" என்றாள், மதில்மேல் அமர்ந்து போர் கண்ட பக்கத்து வீட்டு லூர்துமேரி.

"போச்சுடி."

"எங்க கோயில்ல வாசல்லயே மந்திரிச்ச தண்ணி இருக்கும். வெரலைத் தொட்டு நெத்தியில சிலுவை போட்டா முடிஞ்சுது. கொழந்தையில ஊத்துன ஞானஸ்நானம் செத்தாலும் போவாதாம்."

"குசு வுட்டாக்கூடவா?"

லூர்துமேரி யோசித்தாள். "ஃபாதர் அதச் சொல்லல."

இரண்டாம் சொம்பின் கடைசித் துளி இடக்கணுக்காலில் இறங்கியபோது ஏழரண்களும் மீண்டன. ஜான் பீ பட்டுத்துணி சுற்றிய திருமறையை நீட்டினாள். அப்போது, முரசறையாமல், கொடி பிடிக்காமல், நள்ளிரவு ஒற்றனைப்போல் பகைவன் மறுபடி வெளியேறினான். எவரும் கேட்கவில்லை. சொம்பில் நீரில்லை. குல்ஷனின் நெஞ்சில் இரு படைகள் அணிவகுத்தன: ஒன்று, யாருக்குத் தெரியும் என்று ஆர்ப்பரித்தது; மற்றொன்று எதுவுமே பேசாமல் நகராமல் நின்றது. பேசாத படையே வென்றது. நீட்டிய கைகளை அவள் பின்னிழுத்தாள்.

"ஆபா, திரும்பவும் போச்சுங்க."

"எனக்கொண்ணும் கேக்கலியே."

"சத்தமில்லாமங்க."

ஜான் பீ சிரிப்பை முந்தானைக்குள் சிறைவைத்துப் புதிய பிரகடனம் செய்தாள்: நீரற்ற இடத்தில் தூய மண்ணே நீர். உள்ளங்கைகளை நிலத்தில் தட்டி முகத்தையும், மீண்டும் தட்டிக் கைகளையும் தடவ வேண்டும்; அதன் பெயர் தயம்மும். செம்மண் பூசிய முகத்தோடு, குருதிக்களம் மீண்ட வேந்தென ஒளிர்ந்தாள் குல்ஷன். வெற்றி விரல்நுனியில் இருந்தது.

அவ்வேளை, மதிலிலிருந்து எப்போதோ மறைந்திருந்த லூர்துமேரி, இடுப்பில் ததும்பும் பித்தளைக் குடத்தோடு மூச்சிரைக்க வாசலில் தோன்றினாள்.

"கோயில் கெணத்துல கொஞ்சம் ஊறியிருந்துச்சுங்க. எதுக்குன்னு ஃபாதர் கேட்டாரு, குல்ஷன் வஜு பண்றதுக்குன்னேன். சிந்தாம கொண்டு போன்னாரு."

ஜான் பீ நெற்றியில் கைவைத்தாள். "தண்ணி வந்துட்டா மண்ணு செல்லாது கண்ணு. எந்திரி, மொதல்லருந்து."

செம்மண் முகத்தினூடே இரு கண்கள் தோழியைச் சுட்டெரித்தன. "எவடி உன்னக் கொண்டாரச் சொன்னது?"

"உனக்காவத்தான் எட்டு வூடு தாண்டி ஓடுனேன், மூஞ்சியப் பாரு."

மூன்றாம் போர் மூண்டது. லூர்துமேரி குடம் சாய்க்க, கோயிற்கிணற்று நீர் செம்மண்ணைச் சிதறடித்து, ஏழு அரண்களிலும் ஒவ்வொன்றாய் வெற்றிக்கொடி நாட்ட, வகுப்பு மூச்சடக்க, வயிற்றுக்குள் மொச்சை ஆயுதம் துறந்து சரணடைய, ஈரம் துடைத்த பத்து விரல்களும் அணிவகுத்துச் சென்று, திசையெட்டும் சாட்சி நிற்க, திருமறையைத் தொட்டன.

ஒரு வரி ஓதினாள். மணி ஐந்தாகிவிட்டதால் ஜான் பீ எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.